கீழ கெடந்தாலும் அது ஒருத்தர் தேங்கா

எய்யா, சான் பிளாஸ் தீவுக்கு டிக்கெட்டு போட்டாச்சுன்னு உங்க அம்மை சொன்னா. நல்லாப் போயிட்டு வா. அந்தக் காலத்துல பனாமாவுல கொலோன் துறைமுகத்துல எங்க கப்பல் காத்துக் கெடக்கும்போது, அந்தத் தீவுக்காரன் ஒருத்தன் எனக்குச் சேக்காளி. அமெரிக்கப் பட்டாளத்து அடுக்களையில வேலை பாத்தான். அவனும் பண்டாரி, நானும் பண்டாரி. வெங்காயம் உரிக்கதுக்குப் பாஷை எதுக்கு? அந்த உரிமையில நாலு புத்தி சொல்லுதேன். கேக்கதும் கேக்காததும் உன் இஷ்டம். கேக்காட்டா இன்னும் நல்லது, திரும்பி வந்து சொல்லதுக்கு உனக்குக் கதை கெடைக்கும்.

மொதல்ல எடம் எதுன்னு தெரிஞ்சுக்கோ. பனாமாவோட கரீபியன் கடக்கரை ஓரமா, கொலம்பியா எல்லை வரைக்கும் செதறிக் கெடக்கு தீவுக. வருசத்துக்கு எத்தனை நாளோ அத்தனை தீவு, 365ன்னு சொல்லுவாவ. சனங்க குடியிருக்கது சுமார் 50லதான். குணா சனங்க தங்களைத் தாங்களே ஆண்டுக்கிடுத பூமி அது, பேரே குணா யாலா. கொடைக்கானல் குகைக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. ஊருக்கு ஊரு சைலான்னு ஒரு தலைவரு. எல்லா ஊருக்கும் சேத்துப் பேரவை ஒண்ணு. பனாமா அரசாங்கமே அங்க கதவைத் தட்டிட்டுத்தான் நொழையணும். நீ எம்மாத்திரம்?

பனாமா நகரத்துலேர்ந்து மலைப் பாதையில வண்டி போகும். சாதாக் காரு ஏறாது, நாலு சக்கரமும் இழுக்குத வண்டி வேணும். வழியில மறிச்சுப் பாஸ்போர்ட்டு கேப்பாவ, காசும் கேப்பாவ. நீ சும்மா இருக்காத. "நான் பனாமாவுக்குள்ளதான இருக்கேன், ஏர்போர்ட்டுல முத்திரை குத்தியாச்சே"ன்னு சட்டம் பேசு. நல்லா சத்தமாப் பேசு, பின்னால வண்டியில இருக்கவனுக்கும் பொழுது போகணும்லா. பேசி முடிச்சுட்டுக் காசைக் கட்டு. கார்திங்குற துறையில படகேறும்போது இன்னொரு காசு, தீவுல எறங்கினா அந்தத் தீவுக்கு ஒரு காசு. மதுரைக்குப் போயிட்டு வரதுக்குள்ள எத்தனை சுங்கச்சாவடியில மூச்சுக் காட்டாமக் கட்டுத? அங்க மட்டும் ஏன் உனக்குப் பொருளாதாரம் ஞாபகம் வருது?

பறக்குற கேமரா வாங்கியிருக்கியாம்லா. தாராளமா எடுத்துட்டுப் போ. டிரோன் கூடாதுன்னு அவிய முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. உன்னுதப் பத்திரமா வாங்கி வச்சுக்கிட ஆளு இருப்பாவ. முதுகுல சிலிண்டர் கட்டி முங்குததும் அங்க கெடையாது. சிங்கி எறா புடிக்க எறங்குத அவிய ஊரு ஆளே மூச்சடக்கித்தான் முங்குதான். சிலிண்டர் மாட்டினவன உள்ள விட்டா அடியில ஒரு மீசைகூட மிஞ்சாதுன்னு அவியளுக்குத் தெரியும். அதுலயும் மார்ச்சு பொறந்தாச் சில மாசத்துக்கு சிங்கி எறாவத் தொடவே கூடாது. தடைக்காலம்னா என்னன்னு தூத்துக்குடிக்காரன் பேரனுக்கு நான் விளக்கணுமா?

இனிமே தேங்கா. இதை மட்டும் நல்லாக் கேட்டுக்கோ.

படகுக்காரன் ஆளில்லாத தீவுல கொண்டு விடுவான். வெள்ளை மணலு, தண்ணிக்கு மேல சாஞ்சு நிக்குத தென்னை, அடியில தேங்கா. ஒரு மனுசன் இல்ல. உனக்குக் கை பரபரக்கும். உடன்குடித் தோப்புல நீ பண்ணின சேட்டையெல்லாம் எனக்குத் தெரியும்டே. ஆளில்லாத தீவுன்னுதான் சொன்னேன், ஆளுக்குச் சொந்தமில்லாத தீவுன்னு சொல்லல. எந்த மரம் எந்தக் குடும்பத்துக்குன்னு கணக்கிருக்கு. முறை வச்சு வந்து குடிசை போட்டுத் தங்கிக் காவல் பாப்பாவ. ரொம்ப காலத்துக்குத் தேங்காதான் அங்க காசு. கொலம்பியாவுலேர்ந்து சரக்குப் படகு வரும், சீனியும் அரிசியும் துணியும் எறக்கும், தேங்காய எண்ணி ஏத்திட்டுப் போகும். கடையில சாமான் வாங்கிட்டுத் தேங்காய எண்ணி வச்ச ஊரு அது. அப்போ நீ எளநிக்கு ஒண்ண ஒடைச்சிருந்தா, களவாண்டது காயில்ல, ரொக்கம். எங்க சேக்காளி ஒருநாள் சொன்னான், வெளியூரு ஆளு தீவுல எறங்கினா மொதல்ல வானத்தைப் பாக்கான், ரெண்டாவது கடலைப் பாக்கான், மூணாவது தேங்காயப் பாக்கான், மரத்தோட சொந்தக்காரனை மட்டும் கடைசி வரைக்கும் பாக்கவே மாட்டான்னு. கையால காட்டித்தான் சொன்னான். எனக்குப் புரிஞ்சுது.

பொம்பளைய கெண்டைக்கால் நெடுகப் பாசிமணி சுத்தியிருப்பாவ. மூக்குல தங்க வளையம். நெஞ்சுல மோலாச் சட்டை. நாலஞ்சு நெறத் துணிய ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, மேல் துணிய வெட்டி ஓரத்த மடிச்சுத் தச்சு, அடியில உள்ள நெறத்த வெளிய கொண்டு வார வேலை அது. கேக்காமப் படம் புடிக்காத. கேட்டா ஒரு டாலரும்பாவ. ஒரு படத்துக்கு ஒரு டாலரான்னு முழிக்காத. அந்தப் படத்தப் போட்டு நீ எத்தனை லைக்கு வாங்குவேன்னு அந்த ஆச்சிக்கும் தெரியும்.

அந்தச் சட்டைக்கு ரத்தம் சிந்தியிருக்காவ, தெரியுமா? 1920கள்ல பனாமா போலீசு தீவுல வந்து ஒக்காந்துகிட்டு, மூக்கு வளையத்தக் கழட்டு, மோலாவக் கழட்டி கவுன் போடு, நாகரிகமா இருன்னு அதிகாரம் பண்ணிச்சு. 1925 பிப்ரவரி 25, திருவிழா சமயம். நேலே கந்தூலே, சிம்ரால் கோல்மன்னு ரெண்டு பெருசுக பின்னால நின்னு சனம் எந்திரிச்சுட்டு. போலீசுக்காரனுவ செத்தானுவ. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒண்ணு நடுவுல வந்து நின்னு, மார்ச்சு 4ல சமாதானம் எழுதினாவ. 1938ல அவிய எல்லைய பனாமா ஒத்துக்கிட்டுது, 1953ல ஆட்சிக்குச் சட்டமே போட்டுது. வருசா வருசம் பிப்ரவரில அந்தச் சண்டைய நடிச்சுக் காட்டுவாவ. அப்போ போனீன்னா ஊரெல்லாம் ஒரு கொடி பறக்கும், நடுவுல ஸ்வஸ்திக். நீ அமெரிக்காவுல படிச்ச புள்ள, மயங்கி விழுந்துராத. ஹிட்லரு ஆட்சிக்கு வாரதுக்கு முந்தியே ஏத்தின கொடி. உலகத்தப் படைச்ச பேய்க்கணவாய்னு அதுக்குக் கதை சொல்லுதாவ. உங்க ஆச்சி பூசை ரூம்புலயும் ஒண்ணு இருக்கு, அதுக்கு நீ இதுவரைக்கும் பதறலியே.

மோலாவுக்கு இருக்க மவுசு சின்னதில்ல. 2019ல நைக்கிக்காரன் ஒரு ஷூவுல அந்த வேலைப்பாட்ட அப்படியே அடிச்சு, போர்ட்டோ ரிக்கோ பேர வச்சு விக்கப் பாத்தான். இவிய சத்தம் போட்ட சத்தத்துல, விக்காமலே சரக்க மூட்டை கட்டிட்டான். அம்மாம் பெரிய கம்பெனியே கேக்காம எடுத்து மாட்டிக்கிட்டுது. நீ போய் அந்த ஆச்சிகிட்ட ரெண்டு டாலருக்காக அரை மணி நேரம் பேரம் பேசு, ராசா.

நெலம் வாங்கலாமான்னு உன் கூட்டாளி ஒருத்தன் கேட்டானாமே. கேக்கச் சொல்லு. வெளியாளுக்கு ஒரு சாண் மண்ணுகூடக் கெடையாது. அமெரிக்கன் ஒருத்தன் அங்க ஓட்டல் கட்டிச் சொகுசா இருந்தான், 1981ல இளவட்டங்க போய்ப் பிரச்சினையாகி ஆளு மூட்டை கட்டிட்டான். 1996ல பேரவையே எழுதி வச்சுட்டுது, சுற்றுலாத் தொழிலு குணாக்காரவியளுக்குத்தான்னு. அதனாலதான் அங்க நாணல் சொவரு, ஓலைக் கூரை, கீழ மணலு. நீ எதிர்பாக்குத நட்சத்திரம் வானத்துல மட்டும் இருக்கும், ஓட்டல் வாசல்ல இருக்காது.

நெலந்தான் கெடைக்காது, அங்க மாப்பிள்ளையாப் போனா என்ன கெடைக்கும்னு ரகசியமாச் சொல்லுதேன். ஒரு புள்ளயக் கட்டிக்கிடலாம்னு நெனச்சா, மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டோட போய் இருக்கணும். விடியக்காலம் உலுன்னு மரத்தக் கொடஞ்ச தோணியில ஏறி, கரையில உள்ள காட்டுத் தோட்டத்துக்குப் போய், மாமனாருக்கு வாழை வெட்டி, வெறகு சொமந்து வரணும். இந்தச் சங்கதிய அந்தச் சேக்காளி சொன்னதும் நான் உங்க அப்பன நெனச்சு ஒரு பெருமூச்சு விட்டேன். அம்பது தேங்கா உரிச்சுத் தந்திருப்பாரா மனுசன்?

சாயங்காலம் ஊர்க்கூட்டம் நடந்தா, அனுமதி கேட்டு ஓரமா ஒக்காரு. பெரிய கூரை வீடு. சைலா நடுவுல ஏணையில படுத்துகிட்டே பாடுவாரு, பழைய கதை, நல்லது கெட்டது எல்லாம் பாட்டாவே வரும். அந்தப் பாட்டு மொழி லேசுல யாருக்கும் புரியாது. பாடி முடிச்சதும் ஆர்கார்னு ஒருத்தரு எந்திரிச்சு சாதாரணப் பேச்சுல விளக்கிச் சொல்லுவாரு. நடுநடுவுல ஊர்க்காவல் ஆளு "தூங்காதீங்க"ன்னு கத்துவான். நாலு வார்த்தை பேசதுக்குள்ள போனப் பாக்குத பயக நீங்க, உங்களுக்குன்னே வச்ச ஏற்பாடு.

அதுக்காக அவிய எல்லாரும் முனிவருன்னு நெனச்சுராத. கடலுக்குள்ள தீவ அகலப்படுத்தப் பவளப்பாறையவே ஒடச்சுக் கொட்டியிருக்காவ, அலையத் தடுத்து நின்னது அந்தப் பாறைதான். பிளாஸ்டிக் குப்பையும் அங்க கெடக்கு, அதுல கொஞ்சம் கடல் கொண்டாந்தது, கொஞ்சம் ஒன்னைய மாதிரி ஆளு கொண்டாந்தது. கொண்டு போற பாட்டிலத் திருப்பிக் கொண்டு வா. கடலு இப்போ தீவுக்குள்ள வருது. கார்தி சுக்தூப்னு வீடும் வீடும் ஒட்டி நிக்குத நெருக்கடித் தீவு. 2024 ஜூன்ல அங்கருந்து 300 குடும்பத்துக்குக் கரையில இஸ்பெர்யாலான்னு புது ஊரு கட்டிக் குடுத்துட்டாவ. கொஞ்சம் பேரு போக மாட்டேன்னு தீவுலயே இருக்காவ. "கடல் மூழ்கப் போற தீவு, கடைசி வாய்ப்பு"ன்னு தலைப்புப் போட்டுப் பல்லக் காட்டி நின்னு படம் போட்டீன்னு வையி, இந்த வீட்டுப் படியேறாத.

மத்தபடி சில்லறை டாலரா எடுத்துக்கோ, நூறு டாலர் நோட்ட நீட்டினா தோணிக்காரன் எங்க மாத்துவான்? ஊருக்குள்ள சட்டையப் போட்டுட்டு நட. ஆச்சிக்கு ஒரு மோலா வாங்கிட்டு வா. தையலு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கோடு ஒடுக்கமா ஒரே சீரா ஓடணும். மிஷினுல தச்சத மலிவாக் கெடைச்சுதுன்னு வாங்கிட்டு வந்தா அவ திருப்பிப் போட்டு ஒரு பார்வை பாப்பா, அதுக்கப்புறம் ஒன் பாடு, ஆச்சி பாடு. நான் திண்ணையில இருப்பேன்.