உளதா இலதா: வண்டன்மேட்டு ஸ்பூலர் குறித்த ஓர் அபாவ ஆய்வு

ஒரு கணினியில் ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், உண்டா என்பதை நிரல் வழியே அறிவது எப்படி? முனைவர் பட்டத்துக்கே தகுந்த தலைப்பு. நெறியாளர் ஒப்பவில்லை, ஆகவே இக்கட்டுரை.

களம், வண்டன்மேட்டில் ஓர் ஏலத் தோட்டத்து ஆபீஸ். காலம், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கூலிச் சீட்டு அச்சடிக்கும் நிரல் நான் எழுதியது. அச்சுக்கு முன் விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் 'ஸ்பூலர்' சர்வீஸ் இருக்கிறதா என்று பார்க்கும். அன்று 'இல்லை' என்றது. வெளியே கம்பத்துக்குத் திரும்ப வேண்டிய ஜீப் ஹாரன் அடித்தது.

"தம்பி, இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார் கணக்குப்பிள்ளை. ஆய்வு மனம் இல்லாதவர்.

முறைகள் இரண்டு. எல்லா சர்வீஸ்களின் பட்டியலையும் வாங்கிப் பெயரைத் தேடுவது ஒன்று. இதில் சொல்ல ஏதுமில்லை. பெயர் சொல்லிக் கதவைத் தட்டுவது மற்றொன்று. அப்படி ஒன்று இல்லையென்றால் 1060 என்ற பிழை எண் வரும். 5 வந்தால் 'உனக்கு அனுமதியில்லை' என்று பொருள். நிலையைப் பார்க்கும் உரிமை கேட்டாலே போதும். என் நிரலோ முழு அதிகாரமும் கேட்டு, 5 வாங்கி, 'இல்லை' என்று எழுதிவிட்டது. நூலகர் உள்ளே விடாததால் 'அப்படியொரு சுவடியே கிடையாது' என்று முடிவுரை எழுதும் மரபு நமக்குப் புதிதா என்ன?

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ஏது அணியில் அபாவத்தை, அதாவது இன்மையை, ஐந்தாக வகுக்கிறது. விண்டோஸுக்கு அது அப்படியே பொருந்துவதைக் காண்க. பெயரில் ஓரெழுத்தைத் தப்பாக அடித்தால் என்றும் அபாவம். இன்மையது அபாவம் எனக்கு விளங்கவில்லை. எனவே மிக ஆழமானது. சர்வீஸ் இருந்தும் ஓடாமல் நிலை எண் 1 காட்டினால் உள்ளதன் அபாவம். திரையில் தெரியும் 'பிரிண்ட் ஸ்பூலர்' வேறு, உள்பெயர் 'ஸ்பூலர்' வேறு. சர்வீஸ்களை விசாரிக்கும் 'எஸ்சி' கட்டளையிடம் முன்னதைச் சொல்லிக் கேட்டால் 1060 என்று கைவிரிக்கும். இது ஒன்றினொன்று அபாவம். (விரிவுக்கு: இன்னும் எழுதப்படாத என் 'ஸ்பூலர் விருத்தி', அச்சேறாத மூன்றாம் தொகுதி, அதன் கிழிந்த பக்கம், அப்பக்கத்து அடிக்குறிப்புக்கு நானே எழுதிய மறுப்பு.)

அழிவுபாட்டு அபாவமே அழகு. சர்வீஸை நீக்கியாயிற்று, ஆனால் எவரோ சர்வீஸ் பட்டியல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். அந்த ஜன்னல் பிடி விடாதவரை சர்வீஸ் பட்டியலில் கிடக்கும். மறுபடி நீக்கப் போனால் 1072, அதாவது 'நீக்கக் குறித்தாயிற்று'. உயிர் போயும் பாடை கிளம்பாத நிலை. ஜன்னலை மூடினால் போய்விடும். ஓய்வு பெற்ற பின்னும் துறையில் நாற்காலியை விடாத பேராசிரியர்களை இங்கே ஒப்பிடலாகாது. என் வாய்மொழித் தேர்வு இன்னும் முடியவில்லை.

இதைக் கணக்குப்பிள்ளைக்கு விளக்கித் தலை நிமிர்ந்தேன். கார்பன் தாள் வைத்து அத்தனை சீட்டையும் கையால் எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தார். ஜீப் கம்பம்மெட்டைத் தாண்டியிருந்தது.