சோறு கண்ட இடம்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார உணவகத் தேடல் குறித்த ஒரு முன்னாய்வு

திருவள்ளூர் மாவட்டத்தில் மனிதன் சாப்பாடு தேடி அலையத் தொடங்கி ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இது கதையல்ல. பூண்டி ஏரிக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்பு தலைமையிலான குழு அதே இடத்தில் அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளுக்கு அந்த வயதைக் கணித்து 2011இல் வெளியிட்டது. கோடரி கறி வெட்டவா, கிழங்கு தோண்டவா என்பதை அறிஞர்கள் பேசித் தீர்க்கட்டும். இந்த வட்டாரத்தின் முதல் வாடிக்கையாளர் கையில் கத்தியோடு காத்திருந்தார், பரிமாறத்தான் ஆள் வரவில்லை என்ற அளவில் இவ்வாய்வு நிறுத்திக்கொள்கிறது.

களத்தின் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருந்து புறப்படும் புறநகர் ரயில் பாதை பேசின் பாலத்தைத் தாண்டி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேற்கே ஆவடி, திருவள்ளூர் என்று அரக்கோணம் போகிறது. மற்றொன்று வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று ஆந்திரத்துக்குள் சூலூர்பேட்டை வரை போகிறது. இரண்டுக்கும் நடுவே குறுக்கு ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகரில் காலை டிபனும் கும்மிடிப்பூண்டியில் மதியச் சாப்பாடும் என்று திட்டமிடுகிற ஆய்வாளர், பெரியபாளையம் பக்கமோ ஊத்துக்கோட்டை பக்கமோ பேருந்து மாற வேண்டும். இந்தத் துறையில் ஒப்பாய்வுகள் குறைவாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, 'நல்ல உணவகம்' என்பதன் இலக்கணம். வாசலில் செயற்கை நீரூற்று, மாடியில் கல்யாண மண்டபம், உள்ளே இருட்டு ஆகிய மூன்றும் உள்ளவை இவ்வாய்வில் சேரா. மின்விசிறி ஓட வேண்டும். டம்ளரில் மீன் வாசனை வரக் கூடாது. கை கழுவும் இடத்தில் சோப்பு இருந்தால் அது உயர்தரம்.

முன்னோர் ஆய்வுகளில் தலையாயது, டயர்க் கம்பெனி ஒன்று போட்ட புத்தகம். பிரான்சில் ஆந்த்ரே, எடுவார் என்ற மிச்லன் சகோதரர்கள் 1900இல் வாகன ஓட்டிகளுக்காகக் கையேடு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது அந்த நாட்டில் ஓடிய கார்களே மூவாயிரத்துக்குள்தான். அச்சடித்த பிரதிகளோ ஏறத்தாழ 35,000. வண்டி அதிகம் ஓடினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும் என்பது கணக்கு. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது. 1936இல் அதற்கு விளக்கமும் அச்சேறியது. ஒன்று என்றால் தன் வகையில் நல்ல கடை. இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம். மூன்று என்றால் அதற்கென்றே வண்டி கட்டிக் கிளம்பலாம்.

இதில் திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு நெருக்கமானது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டையில் அதே மிச்லன் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. லாரி, பேருந்து டயர்கள் அங்கே தயாராகின்றன. (தொழிற்பேட்டைக்குப் போன நிலம் தங்கள் மேய்ச்சல் காடு என்று ஊரார் நெடுநாள் போராடினார்கள் என்பதையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை.) ஆனால் இந்தியாவுக்கென்று மிச்லன் கையேடு இதுவரை வரவில்லை. நியூயார்க்கில் 'செம்மா' என்ற உணவகம், நத்தைப் பிரட்டல் உள்ளிட்ட நம்மூர்ச் சமையலைப் பரிமாறி 2022இல் நட்சத்திரம் வாங்கியது. தேர்வாய்கண்டிகைக்கு டயர் வந்தது. நட்சத்திரம் இன்னும் வழியில் இருக்கிறது.

எனவே உள்ளூர்க் கருவிகளைக் கொண்டே அளக்க வேண்டியதாகிறது. முதல், கரு, உரி என்று பாட்டை அளக்கத் தமிழன் வகுத்த முறை பரோட்டாக் கடைக்கும் பழுதில்லாமல் பொருந்துகிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். சிப்காட்டில் பொழுது என்பது வைகறையும் மாலையும் அல்ல, ஷிப்டுதான். காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று ஆலைச் சங்கு பிரிக்கும் பொழுதுகளில் எதில் கடை நிரம்புகிறது என்று பார்க்க வேண்டும். கருப்பொருளில் தெய்வம் கல்லாவுக்கு மேலே மாலையோடு இருக்கும். விலங்கு மேசைக்கடியில் எலும்புக்குக் காத்திருக்கும். உரிப்பொருள் பசி. இருத்தல் என்பது பிரியாணி தம் உடைக்கும்வரை உட்கார்ந்திருப்பது. இரண்டாவது முறை சால்னா கேட்டு, பரிமாறுபவர் காதில் விழாத மாதிரி போய்விட்டால் அது ஊடல்.

பாலை நிலத்தை இவ்வட்டாரத்தில் தேடி அலைய வேண்டாம். பழைய ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலை, இப்போதைய பதினாறு, சென்னையையும் கொல்கத்தாவையும் இணைப்பது, செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று வெயிலில் கிடக்கிறது. இதன் ஓரத்துத் தாபாக்களைப் பற்றி நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு: லாரி நிறைய நிற்கிற கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும். இவ்வாய்வு அதை ஏற்கவில்லை. லாரி நிற்பதற்கு முதலில் வேண்டியது இடம். பிறகு குளிக்கத் தண்ணீர், பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை, படுக்கக் கயிற்றுக்கட்டில். சாப்பாடு ஐந்தாவதாகத்தான் வருகிறது. ஆக, லாரிகளை எண்ணினால் தெரிவது கடைக்காரரின் நிலப்பரப்பு மட்டுமே. எண்ண வேண்டியது இரண்டாவது முறை தட்டை நீட்டும் ஓட்டுநர்களை.

பதிவெண்ணைப் பார்த்து முடிவுக்கு வருவதிலும் ஆபத்து உண்டு. ஒடிசா, மேற்கு வங்கம், ராஜஸ்தான் வண்டிகள் பெரும்பாலும் உண்மை சொல்லும். என்.எல். என்று போட்ட லாரிகள் வரிசையாக நிற்பதைக் கண்டு நாகாலாந்துச் சமையலை எதிர்பார்த்து உள்ளே போகிறவர் ஏமாறுவார். வரி, பர்மிட் வசதிக்காக நாடெங்கும் வண்டிகளை அங்கே பதிவு செய்கிறார்கள். ஓட்டுநர் நாகாலாந்தைப் பார்த்திருக்கவே மாட்டார். தொலைதூரப் பேருந்துகள் நிற்கும் மோட்டல்களுக்கோ தலைகீழ் விதி: ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் உள்ளே தனி அறையில் சாப்பாடு போட்டால், பயணிகள் பிஸ்கட் வாங்கிக்கொள்வது உத்தமம்.

நெடுஞ்சாலையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் திரும்பினால் நிலமே மாறிவிடுகிறது. இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் பீகார், ஒடிசா, வங்கம், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசத்துக்காரர்கள் வேலை செய்கிறார்கள். உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றவனுக்குச் சாம்பார் சாதத்தின் மேல் பக்தி வருவதில்லை. அவனுக்காகவே தெருவோரத்தில் சிறுசிறு கடைகள் முளைத்திருக்கின்றன. பலகை இருக்காது, இருந்தாலும் இந்தியிலோ வங்காளத்திலோ இருக்கும். கடுகெண்ணெய் காயும் காரநெடி வந்தால் மீன் குழம்பு வேகிறது என்று பொருள். ஒடியாக்காரர்களின் பகாளா நம் பழைய சோற்றுக்கு நேர் உடன்பிறப்பு. நீரூற்றிய சோறு, கடித்துக்கொள்ளப் பொரித்த மீனோ சுட்ட கத்தரிக்காயோ. ஒடியா மக்கள் அதற்கு மார்ச் 20ஆம் தேதியை ஒதுக்கி விழாவே கொண்டாடுகிறார்கள். நாம் பழைய சோற்றை மண்சட்டியில் ஊற்றி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விலை ஏற்றி விற்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

இதே கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் 1990 முதல் முகாமில் வாழ்கிறார்கள். 2021இல் அரசு இத்தகைய முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. இங்கே கடையைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவது பலன் தரும். செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, பிறகு சின்ன வெங்காயம், கடைசியில் தேங்காய்ப்பூ போட்டு, நீர் விடாமல் இடித்தெடுத்து எலுமிச்சை பிழிகிற சம்பலுக்கு நம் தேங்காய்ச் சட்னி பதில் சொல்ல முடியாது. மிக்சியில் அரைத்தால் அது சம்பலாகாது, துவையலாகிவிடும். இடியாப்பத்துக்கு மஞ்சள் நிறச் சொதி, புட்டுக்கு மீன் குழம்பு. இதைச் சமைத்துப் போடத் தெரிந்த கைகள் பலவும் பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போய்வருகின்றன என்பது ஆய்வு முடிவல்ல, வருத்தம்.

இன்னொரு அகதிச் சமையல் மணலி பக்கம், சடையங்குப்பத்துப் பர்மா நகர் வழியாக வருகிறது. நே வின் ஆட்சியில் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது, 1964 முதல் கப்பல் கப்பலாகத் திரும்பிய தமிழர்கள் வடசென்னைக்கு அத்தோவைக் கொண்டுவந்தார்கள். அகலமான பாத்திரத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸைப் போட்டு, மயிரிழையாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த வெங்காயம் மிதக்கும் எண்ணெய், பேஜோ என்ற மொறுமொறுப்பான பலகாரத்தின் நொறுக்கல் எல்லாவற்றையும் கையாலேயே பிசைவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். கரண்டியால் கிளறுகிற அத்தோக் கடைகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆந்திரச் சாப்பாட்டை இங்கே வேற்றூர்ச் சமையல் என்று வகைப்படுத்தலாமா என்பது தீராத வழக்கு. ஆந்திர எல்லைத் தகராறில் படாஸ்கர் சொன்ன பரிந்துரைப்படி 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. வேறு சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. பருப்புப்பொடி அந்த எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. ஆரம்பாக்கத்துக்கு அப்பால் தடா, இப்பால் தமிழ்நாடு. இரண்டு பக்கமும் கோங்கூராவும் ஆவக்காயும் ஒரே நிறத்தில்தான் இலையில் விழுகின்றன. சுடுசோற்றில் பொடியையும் நெய்யையும் கேட்காமலே போடுகிற கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நல்ல கடைதான்.

மூன்று நட்சத்திரத்துக்கு, அதாவது அதற்கென்றே வண்டி கட்டிக் கிளம்பத் தக்கதற்கு, இவ்வாய்வு பரிந்துரைப்பது ஒரே இடத்தைத்தான்: பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே கோட்டை கட்டிக் குடியேறினார்கள். மண்டையோடு செதுக்கிய அவர்கள் கல்லறைகள் இன்னும் நிற்கின்றன. அவர்கள் துணிக்காக வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நண்டைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு சந்தேகம் எழும். ஏரி நண்டில் பெரியது ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. மிஞ்சியதை ஓட்டோடு உடைத்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வைக்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது.

ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இனிதான் வருகிறது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்து வாசலில் ஆட்டோக்காரரிடம் "நல்ல ஹோட்டல் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டால், அவர் உங்கள் செருப்பைப் பார்த்துவிட்டு ஏசி ஹோட்டல் பெயரைச் சொல்வார். அது மரியாதை. அதை வாங்கிக்கொண்டு, "நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று இரண்டாவது கேள்வியைப் போட வேண்டும். அவர் சற்று யோசித்து, "அது உங்களுக்குச் சரிப்படாது சார்" என்று தொடங்குவார். சரிப்படுவது அதுதான். சொந்த ஊர்க்காரனுக்குச் சமைக்கிறவன் தப்பு செய்ய முடியாது. உப்புக் குறைந்தால் அவன் பாஷையிலேயே திட்டு விழும். ஒரு முறை வந்து போகிறவனுக்குச் சமைக்கிற கடைக்கு அந்தப் பயம் இல்லை. தென்னிந்திய, வடஇந்திய, சைனீஸ், தந்தூரி என்று நான்கையும் ஒரே பலகையில் எழுதியிருக்கும் கடை யாருக்கும் சொந்த ஊரல்ல.

இதற்கு மறுப்பு உண்டு: சொந்த ஊர்க்காரன் சுவைக்குச் சாட்சி, சுத்தத்துக்கு அல்ல. மறுப்பு ஏற்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு கடைக்கும் பதிவு வேண்டும். 14 இலக்க எண் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மாட்டியிருந்தாலும் எண்ணெயின் நிறத்தை ஒரு தரம் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

களப்பணிக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாததால் மீன் விலை ஏறியிருக்கும். பழவேற்காட்டுக்கு மழைக்காலம் முடிந்து, பூநாரைகள் வந்திறங்கும் மாதங்களில் போவது நல்லது. வார விடுமுறை என்பதால் ஞாயிறன்று சிப்காட் கடைகளில் கூட்டம் நெரியும். பிரியாணிக்கென்று போகிறவர்கள் பகல் ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அண்டா காலியானால் கடையைச் சாத்திவிடுவார்கள், குஸ்காகூடக் கிடைக்காது.