படச்சட்டத்துக்குள் தனிமை: கல்வராயன் மலைப் படப்பயணத்துக்கு ஒரு பாயிரம்

படப்பயணம் என்பது, ஒருவர் கேமராவும் முக்காலியும் சுமந்து, உடன்வர எவரையும் அழைக்காமல், மலைநாட்டுச் சாலைகளில் வண்டி ஓட்டிச் சென்று, மனிதர் இல்லாத நிலக்காட்சிகளைப் படம்பிடித்துத் திரும்பும் செயலாகும். கோயில் யாத்திரைக்கும் பெண் பார்க்கப் போவதற்கும் உரிய இலக்கணங்கள் வழக்கில் நிலைபெற்றுவிட்ட பின்னும், இச்செயலுக்கு இலக்கணம் வகுக்கப்படாதிருப்பது தமிழாய்வின் பெருங்குறை ஆதலால், பழைய நூல்மரபு பாயிரத்துக்கு விதித்த உறுப்புகளுள் எல்லை, வழி, காலம், களம், கேட்போர், பயன் என்னும் ஆறினைக் கொண்டு இக்கட்டுரை அக்குறையை நீக்க முற்படுகிறது. தனிமை படச்சட்டத்துக்கு உரியது, படம் எடுப்பவருக்கு அது வாய்ப்பதில்லை என்பதே இங்கு நிறுவப்படும் கருதுகோள்.

எல்லை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை, ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில், பெரும்பாலும் 2,000 முதல் 4,000 அடி வரை உயர்ந்து, வடக்கே சின்னக் கல்வராயன் என்றும் தெற்கே பெரிய கல்வராயன் என்றும் பெயர் பெற்றுக் கிடக்கிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமாக விளங்குவது வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வருபவருக்குப் பயணத்தின் கீழெல்லை கோமுகி அணை; மேலெல்லை, செல்போன் சிக்னல் அறும் இடம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் பயணி தாம் தன்னந்தனியாக இருக்கும் செய்தியை உறவினர் அனைவருக்கும் படத்துடன் தெரிவித்துக்கொண்டே இருக்கலாம். மேலெல்லையைக் கடந்த பிறகு தனிமை மிகும் என்றாலும், அதைத் தெரிவிக்க வழியில்லாமையால் பயணிகள் அங்கே நெடுநேரம் தங்குவதில்லை.

வழி

வழி என்பது ஒரு நூல் எந்த முன்னோரைப் பின்பற்றி வந்தது என்பதைக் கூறும் உறுப்பு. படப்பயணத்துக்குச் சென்னை மாகாணத்திலேயே மூத்த முன்னோர் ஒருவர் உண்டு. 1856இல் மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857இன் இறுதியில் புறப்பட்டு, தம் கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படமெடுத்தார்; அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டைக் காட்சிகளுக்கென்றே 1858இல் ஒரு தொகுதி வெளிவந்தது. அக்காலத்துக் காகித நெகட்டிவ்கள் நீல நிறத்தை மிகையாக வாங்கிக்கொண்டதால் வானம் முழுவதும் வெள்ளைத் தாளாக வந்துவிட, டிரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். இன்று செல்போனில் ஒரு தட்டலில் வானத்தை மாற்றுபவரைப் பழிக்கும் தூய்மைவாதிகள் இம்மரபின் தொன்மையைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனினும், முன்னோர் எவரும் தனியாகப் போனதாகச் சான்றில்லை. டிரைப்புடன் ஐயாசாமி என்ற உதவியாளர் இருந்தார். 1863இல் முதன்முறையாக இமயமலைக்குச் சென்ற சாமுவேல் போர்னுடன் சுமார் 30 சுமைகூலிகள் சென்றனர். 1866இல் 18,600 அடி உயரத்து மணிராங் கணவாயில் அவர் படமெடுத்தபோதும் பெட்டிகள் தாமாக ஏறி வந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்க நிலக்காட்சிக் கலையின் பேராசானாகக் கொள்ளப்படும் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊர்மேல் நிலவெழுந்த காட்சியைக் கண்டு காரைச் சாலையோரத்தில் நிறுத்தியபோது ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் கணக்குப் போட்டே படமெடுத்தார். அந்த நாள் 1941 நவம்பர் 1 என்பதை அவர் குறித்து வைக்காமல் போக, பிற்கால வானியலாளர்களே நிலவின் இருப்பைக் கொண்டு கண்டறிந்தனர். அப்படத்தில் மனித நடமாட்டம் இல்லை. காரில் அவருடைய மகனும் நண்பர் ஒருவரும் இருந்தனர்.

காலம்

அகப்பொருள் இலக்கணத்தின்படி மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு. விண்மீன்களைப் படமெடுப்போர் நீங்கலாகப் பிறருக்கு இப்பொழுது பயன்படாது. படப்பயணி விரும்பும் விடியல் மருதத்துக்கும், எற்பாடு நெய்தலுக்கும், மாலை முல்லைக்கும் உரியவை ஆதலால், வெள்ளிமலையில் எடுக்கப்படும் நல்ல படங்கள் யாவும் திணை மயக்கம் என்றே கொள்ளத்தக்கன. பாலைக்குரிய நண்பகலில் அவர் பரோட்டா சாப்பிடுவதால் அது ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

கதிரவன் தாழ்ந்திருக்கையில் அதன் ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தொலைவைக் கடந்து வருவதால், நீலம் வழியிலேயே சிதறிப்போக, எஞ்சிய செம்மஞ்சள் ஒளி நிலத்தில் சாய்ந்து விழுகிறது. இப்பொழுதைப் படக்கலைஞர்கள் பொன்மணி நேரம் என்பர். மணி என்ற பெயர் இருப்பினும் இங்கே அது ஒரு மணி நேரம் நீடிப்பதில்லை. கல்வராயன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால் கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. பகலும் இரவும் சமமான நாட்களில் அது தொடுவானிலிருந்து 6 பாகை உயர இங்கே 25 நிமிடமும், லண்டனில் 39 நிமிடமும் ஆகும். எனவே லண்டன்காரர் எழுதிய கையேட்டைப் படித்துவிட்டு நிதானமாக லென்ஸ் துடைக்கும் பயணி, இந்த 14 நிமிட வேறுபாட்டிலேயே படத்தை இழக்கிறார். கிழக்கே குன்று மறைத்தால் 25 நிமிடமும் குன்றுக்கே உரியது.

களம்

படம் எடுக்கும் இடத்தை ஒளியும் அழகுணர்வும் தீர்மானிக்கின்றன என்பது நூல்வழக்கு. வண்டி நிறுத்தும் இடமே தீர்மானிக்கிறது என்பது நடைமுறை. கொண்டை ஊசி வளைவு என்பது சாலை தன்மேல் தானே மடிந்து ஏறும் திருப்பம். பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரிவது அதன் நடுப்புள்ளியில், அரசுப் பேருந்து ஒலியெழுப்பித் திரும்புவதும் அதே புள்ளியில். ஆகவே காட்சியின் சிறப்பும் அங்கே நிற்கக்கூடிய நேரமும் எதிர்விகிதத்தில் அமைகின்றன என்பதை இம்மலைச் சாலையின் முதல் விதியாகக் கொள்ளலாம். பெரியார் அருவி சாலைக்கு அருகிலேயே விழுவதால் அதன் படங்கள் மிகுதி. மேகம் அருவிக்கு நடந்து போக வேண்டியிருப்பதால் அதன் படங்கள் அருமை, அவற்றை எடுத்தவர்களின் பெருமிதம் மிகுதி.

கேட்போர்

நூலைக் கேட்பதற்கு உரியவர் யார் என்று கூறுவது இவ்வுறுப்பு. படப்பயணத்தில் இவர்கள் கேட்கப்படாமலே வந்து கேள்வி கேட்பவர்கள். முக்காலியை விரித்துச் சிறிது நேரம் நின்றால் இவர்களில் ஒருவரேனும் தோன்றுவது உறுதி. முதல்வகையினர் "எந்த ஊருங்க?" என்பர். இரண்டாம் வகையினர் சிறுவர். "அண்ணா, எங்களை எடுங்கண்ணா" என்று கூறிச் சட்டத்தின் நட்டநடுவே நின்றுகொள்வர். மூன்றாம் வகையினர் நடுத்தர வயதைக் கடந்தோர், முக்காலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சர்வேயா சார்? நிலம் அளக்கறீங்களா?" என்று கேட்பர்.

இக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைப் பணி முதலாக, குன்றின்மேல் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அளக்க வந்தவர்களே. நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, பின்னர் வனத்துறை எல்லைக் கற்களுக்கு நடுவே உழுது, 2006இன் வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பட்டாவை எதிர்பார்த்திருக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கு, முக்காலியோடு ஒருவர் வந்திருப்பது தம் நிலம் பற்றிய செய்தியாக இருக்கக்கூடும். அந்தி ஒளிக்காகவே வந்ததாகப் பயணி விளக்கும்போது அம்முதியவர் முகத்தில் தெரியும் ஏமாற்றத்தைப் பதிவுசெய்ய எந்த லென்ஸும் பொருத்தப்பட்டிருப்பதில்லை.

இம்மூவகையினரின் தொண்டும் குறிக்கத்தக்கது. மழைக்குப் பின் மரவள்ளிக் காட்டு வரப்பில் முக்காலியின் ஒரு கால் ஈரமண்ணில் மெல்லப் புதையத் தொடங்க, தொடுவானம் சாய்வது கண்டு பயணி திருகுகளை முறுக்கிக்கொண்டிருக்கையில், மேற்சொன்ன சிறுவன் பலகை போன்ற கல் ஒன்றைத் தேடி எடுத்து அக்காலின் அடியில் செருகுகிறான். படம் அசையாமல் வருவது அக்கல்லினால். படத்தின் கீழே அச்சாகும் குறிப்பிலோ துளையளவும் ஷட்டர் வேகமும் மட்டுமே இடம்பெறுகின்றன.

பயன்

இங்கே ஒரு தடை எழலாம்: மனிதரை விலக்கி இயற்கையை மட்டும் காட்டுவதே நிலக்காட்சி அன்றோ எனின், அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மக்களும் உணவும் தொழிலும் கருப்பொருள். அங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதற்பொருளை மட்டும் கொண்டு திரும்புபவர் மூன்றில் ஒரு பங்கு திணையையே கொண்டு வருகிறார். அம்மலைச்சரிவைப் பச்சையாக்கிய சாமையும் மரவள்ளியும் எவரோ விதைத்தவையும் நட்டவையும் ஆதலால், அந்த ஒரு பங்கிலும் பிறர் உழைப்பு கலந்தே இருக்கிறது.

இனி, தனிமையின் அளவைக் கணக்கிடலாம். முழுச்சட்டக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாக 74 பாகை காணும். அந்த அளவுக்குள் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். 200 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் 10 பாகையே போதுமானது ஆதலால், லென்ஸ் நீளநீளத் தனிமைக்குத் தேவைப்படும் இடம் குறைகிறது. வசதியுள்ள பயணி சந்தைக் கூட்டத்தின் நடுவே நின்றும் தனியாக இருக்கலாம். முதல் லென்ஸைக் கொண்டு கணக்கிட்டால் தனிமை சுற்றுவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய 286 பாகைக்குள் கல் செருகிய சிறுவனும், பட்டா கேட்ட பெரியவரும், வண்டியைச் சற்று ஒதுக்கச் சொல்லும் பேருந்து ஓட்டுநரும் அடங்குவர். டீக்கடையும் அந்தப் பக்கமே இருப்பதால், பொன்மணி நேரம் முடிந்ததும் பயணி திரும்பிப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.