அலையருகே ஒரு பாதை

கேள்வி: கடலோர நகரத்துக்கு மாநகராட்சி எத்தனையோ திட்டம் போடுகிறதே, உங்களைக் கவர்ந்தது எது?

பதில்: மெரினா மரப்பாதைதான்! 1688-இல் பிறந்த சென்னை மாநகராட்சி, சக்கர நாற்காலியை அலையருகே கொண்டுபோகும் அந்தப் பாதையை 2022 நவம்பரில் திறந்தது. மணலில் சக்கரம் புதையும், பலகையில் உருளும், அவ்வளவுதான் சூட்சுமம். உப்புக்காற்று முகத்தில் பட்டதும், 'வீட்டுக்கு வரமாட்டேன்' என்று பேரனிடம் அடம்பிடித்த ஒரு பாட்டியை அங்கே பார்த்தேன். டிசம்பரில் மாண்டஸ் புயல் கடலோர முனையைப் பெயர்த்துப் போட்டது. கடலுக்கும் ஏறிப் பார்க்க ஆசை போலிருக்கிறது! சீர்செய்து மறுபடி திறந்தார்கள்; பெசன்ட் நகருக்கும் ஒன்று வந்துவிட்டது. அடுத்து எனக்கு வேண்டியது, ஐப்பசி பிறக்குமுன் தூர்வாரிய வடிகால். எத்தனை கோடியில் கட்டினாலும், வாயில் பிளாஸ்டிக் பை அடைத்தால் தெருத்தண்ணீர் கூடத்துக்குத்தான் வரும்.