மூணு நிமிஷம் இருபது செகண்டு

ஏம்ப்பா பேராண்டி, சேலத்துப் பழைய சாமான் கடையில புடிச்ச சூப்பர் எட்டு ஃபிலிம் கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நம்ம ஏற்காட்டு நாகலூரையே சுத்தி வர்றியாமே. ஊருக்குள்ள என்ன பேச்சு தெரியுமா? காட்டெருமை கணக்கெடுக்க ஆள் வந்திருக்குன்னு பாதிப் பேரு, நிலம் அளக்க வந்திருக்குன்னு மீதிப் பேரு. பட்டா சிக்கல் இருக்கிறவன் எல்லாம் உன்னைக் கண்டா மிளகுக்கொடிக்குப் பின்னால பதுங்கறான். மொதல்ல அவனுங்க பயத்தைத் தெளிய வை. கலையை அப்புறம் வளர்க்கலாம்.

எனக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே. எஸ்டேட்ல ஒரு துரைக்கு இந்த மாதிரிப் பொட்டிக்கு மூணுகால் ஸ்டாண்டு தூக்கினவன் நான். அது சாவி கொடுக்கிற பொட்டி, 1932ல வந்த எட்டு மில்லிமீட்டர் சாதி. பதினாறு மில்லி அகல ஃபிலிமை ஒரு பக்கம் ஓட்டி முடிச்சு, நிழல்ல வச்சுத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஓட்டணும். ரெண்டு பக்கமும் முடிஞ்சதை மறந்துட்டு இன்னொரு தரம் போட்டா, கல்யாணத்து மேல காதுகுத்து ஏறி மாப்பிள்ளை மூக்குல ஆசாரி கை நிக்கும். உனக்கு அந்தப் பாடு இல்ல. 1965ல கோடாக்குக்காரன் அம்பது அடி ஃபிலிமை பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு, குழந்தைகூடப் போடலாம்னு குடுத்துட்டான். செகண்டுக்கு 18 படம்னா 3 நிமிஷம் 20 செகண்டு. 24 படம்னா ரெண்டரை நிமிஷம். உங்க அப்பத்தா ஒரு வெத்தலைக்குக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிச்சு வாயில வைக்கறதுக்குள்ள டப்பா காலி.

அந்தக் கஞ்சத்தனம்தான்டா இந்தப் பொட்டிக்கே அழகு. போன்ல நீ ஆயிரம் எடுப்பே, ஒண்ணையும் திரும்பிப் பார்க்க மாட்டே. இதுல காப்பி பறிக்கிற மாதிரி இருக்கணும்: கொத்துல செவந்த பழத்தை மட்டும் கிள்ளணும், பச்சைக்காயில கை வைக்கக் கூடாது. நீ என்னடான்னா நேத்து லேடி சீட்ல நின்னு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பொட்டியை வீசினியாம். அதைப் பார்க்கிறவனுக்குத் தலை சுத்தும். ஏற்காடு பஸ்ல இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவனுக்கு அது போதாதா?

பனிமூட்டத்தை எடுக்கப் போறேங்கறே. எடு. ஆனா அந்தப் பொட்டிக்குள்ள வெளிச்சம் பார்க்கிற கண்ணு ஒண்ணு இருக்குதே, அது ஒரு அப்பாவி. மூட்டத்தோட வெள்ளையைப் பார்த்து ‘அடேங்கப்பா, என்னா வெளிச்சம்’னு துவாரத்தைச் சுருக்கிடும். மூட்டம் சாம்பல் பூத்து, முன்னால நிக்கிற மனுசன் கரிக்கட்டையா வருவான். கையால ஒரு படி திறந்து வை. சில்வர் ஓக் நிழல்ல காப்பிக் காட்டுக்குள்ள போனா நேர் எதிரு. அங்க வெளிச்சம் வாங்கற சக்தி கம்மியான 50 ஏ.எஸ்.ஏ. ஃபிலிம் கண்ணு தெரியாம தடவும். 200க்குக் குறைஞ்சு போட்டுக்காதே.

சத்தம் வராதேன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்காதே. உங்க பெரியப்பன் வரப்புத் தகராறுல பேசினது எதுவும் உலகத்துக்குத் தெரியாம இருக்கிறது நம்ம குடும்பத்துக்கு நல்லது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எதை எடுக்கணும்? சந்தியா சூரின்னு ஒரு பொண்ணு. அவங்க அப்பா டாக்டர், 1965ல இங்கிலாந்து போனவரு. சூப்பர் எட்டு கேமரா ரெண்டு, புரொஜெக்டர் ரெண்டு, டேப் ரெக்கார்டர் ரெண்டு வாங்கி, ஒரு செட்டை ஊருக்கு அனுப்பிட்டாரு. கடுதாசிக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஃபிலிமும் டேப்பும் போய் வந்துச்சு, நாப்பது வருசக் கதை. அதை வச்சு மக 2005ல ‘ஐ ஃபார் இந்தியா’ன்னு படம் பண்ணினா. அதே பொண்ணுதான் 1899லிருந்து 1947 வரைக்கும் இந்தியாவுல எடுத்த பழைய ஃபிலிமை எல்லாம் தோண்டி 2018ல இன்னொரு படமும் பண்ணினது. பேத்தி போன்ல காட்டினா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துலயும் துரைமார் வீட்டுப் படங்களைச் சேர்த்து வச்சிருக்காங்களாம். எங்க துரை எடுத்ததை நான் பார்த்திருக்கேன். நாய்க்கு முழு முகம் இருந்துச்சு, நாய் பேரு எழுதின அட்டைகூட இருந்துச்சு. எனக்குப் பாதி முதுகு. அதுவும் கேக்குக் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போற முதுகு.

மலை இறங்கினா மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிக்குதில்ல, அந்தக் கம்பெனி நூத்துக்கு மேல படம் எடுத்துச்சு. டி.ஆர். சுந்தரம் 1956லயே அலிபாபாவைக் கலர்ல காட்டினாரு. அவருக்கு ஸ்டூடியோ இருந்துச்சு, எம்.ஜி.ஆர். இருந்தாரு. உனக்கு நானும் ஒரு வெள்ளாடும் இருக்கோம். அதனால கதை கிதைன்னு கிளம்பாதே. முதுகா வந்தவங்களை முகமா எடு, அவ்வளவுதான் உன் வேலை.

பழைய கோடாக்குரோம் டப்பா சும்மா கிடைச்சுதுன்னு இளிச்சியே, அதைக் கலரா கழுவின கடைசி லேப் கான்சாஸ்ல இருந்துச்சு. 2010 கடைசியில அதுவும் கையைக் கழுவிடுச்சு. கறுப்பு வெள்ளை டிரை-எக்ஸ் வாங்கு. டாங்கும் மருந்தும் இருந்தா வீட்டுலயே கழுவலாம். எங்க வீட்டுல வேண்டாம், உங்க மாமியார் வீட்டுல. எடுத்த ஃபிலிமைப் பரண்ல போடாதே. ஈரத்துலயும் சூட்டுலயும் அது மக்கிக் காடி நாத்தம் அடிக்கும். இந்த மலை ஈரத்துக்கு லென்சுலகூடப் பூசணம் புடிக்கும்.

என்னை எடுக்கணுமா? இருபது செகண்டு போதும், மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு நிக்கறேன். மீதி மூணு நிமிஷத்தை அப்பத்தாவுக்குக் குடு. கொல்லையில மிளகு உதிர்த்துக்கிட்டிருக்கா. பொட்டியை முந்தியே காட்டிடாதே. காட்டினா பட்டுப்புடவை மாத்த உள்ள போயிடுவா, அவ வர்றதுக்குள்ள மூட்டம் ஏறிடும். டப்பா என்ன விலைன்னு உங்கப்பன் கேட்டா நான் வாயே திறக்கலை. போறப்ப சந்தையில ரெண்டு கவுளி வெத்தலை, நல்ல கொழுந்தா, வாங்கி வச்சுட்டுப் போ.