சான்றுதேவையார்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தோட நிழல் தரையிலயே விழாது, தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தால் நம் சான்றுதேவையாரின் கை சாம்பார் சாதத்திலேயே நின்றுவிடும். "எந்தப் புத்தகத்துல இருக்கு? பக்க எண்?" என்பார். அதற்குப் பிறகு இலைக்காரர் பாயசத்தைப் பற்றிக்கூட வாய் திறப்பதில்லை.

இந்த இனத்தில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். மீதிப் பேர் தமிழாசிரியராக ஆசைப்பட்டு வேறு வேலைக்குப் போனவர்கள். பென்ஷன் வந்த கையோடு தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கிவிடுவார்கள். 2003-இல் தொடங்கி, லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் சேர்ந்துவிட்ட இடம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதுவதில் நம்மவருக்கு அவ்வளவு ருசியில்லை.

பல் தேய்க்கும் முன்பே ‘கவனிப்புப் பட்டியலை’த் திறப்பார். இவர் தூங்கிய நேரம் பார்த்து ஒரு ரசிகர் தன் நடிகரின் பட வசூலில் ஒரு சைபரைக் கூட்டியிருப்பார். ஒரு கட்சிக்காரர் தம் தலைவர் பெயருக்கு முன் ‘மாபெரும்’ நட்டிருப்பார். ‘வரலாறு’ என்பதை அமுக்கினால், எந்தப் பயனர் எத்தனை மணிக்கு எந்த எழுத்தில் கைவைத்தார் என்று வந்து விழும். வீட்டுமனைக்குப் போடும் வில்லங்கச் சான்றுகூட இவ்வளவு துப்புரவாக இருக்காது. சைபர் போகும். ‘மாபெரும்’ போகும். போக மனமில்லாத வாக்கியத்தின் வாலில் ‘சான்று தேவை’ ஒட்டப்படும். காபி ஆறிப்போகும்.

"காலங்காத்தால யாரோடங்க சண்டை?"

"சண்டையா? ஆலமரத்தடியில பேசிட்டிருக்கோம்."

விக்கியின் பொது மன்றத்துக்கு அதுதான் பெயர். அந்த அம்மாளுக்குத் தெரிந்து அவர்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு புங்கமரம். அதையும் சாக்கடை வேலைக்கு வெட்டியாயிற்று.

நிழல் விவகாரத்தை இவர் விடவில்லை. மறுநாளே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார். காலை வெயிலில், விமானத்துக்குப் பின்னால், தரையில் தாராளமாக நீட்டிப் படுத்திருந்தது நிழல். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த நாளிலிருந்து அது அங்கேதான் விழுந்துகொண்டிருக்கிறது, நாம்தான் குனிந்து பார்ப்பதில்லை. ‘நேரில் சென்று பார்க்கப்பட்டது’ என்று கட்டுரையில் சேர்த்தார். பத்து நிமிடத்தில் ஒரு பயனர் அதைத் தூக்கிவிட்டார்: ‘சொந்த ஆய்வு ஏற்கப்படாது. சான்று தேவை, ஐயா.’

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் இவரே ஓதிய விதி.

‘சூரியனுக்கு எந்த நூலில் மேற்கோள் தேடுவேன், ஐயா?’ என்று உரையாடல் பக்கத்தில் கேட்டார்.

‘நாளை பேசலாம் ஐயா. எனக்கு பிளஸ் ஒன் பரீட்சை.’

இவர் ‘ஐயா’வைக் கீழே வைத்தார். ‘முதலில் படிக்க போ, தம்பி’ என்று எழுதினார்.

மறு நிமிடமே அது ‘படிக்கப் போ’ ஆகியிருந்தது.