சொரசொரப்புக்கு வந்த வாழ்வு

தோவாளையில் நான் சுவர் விளம்பரம் எழுதித் திரிந்த காலத்தில் சொரசொரப்பு என்றாலே எங்களுக்குப் பகை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் இரண்டு பருவ மழையும் அடித்து, சுவரெல்லாம் பொரிந்து கிடக்கும். சுரண்டித் தேய்த்து, நீலமும் வச்சிரப் பசையும் கலந்த சுண்ணாம்பை இரண்டு தடவை பூசிய பிறகுதான் எழுத்து. அப்படியும் குழி இருந்தால் பிரஷை அழுத்திக் குத்துவோம்; சாயம் இறங்கிவிடும். சுவர்க்காரர் திண்ணையில் இருந்தபடி, "லேய் மக்கா, 'ழ'வுக்கு வால் பத்தாது" என்பார். எங்கள் தரக் கட்டுப்பாடு அவ்வளவுதான்.

இப்போது நாகர்கோவிலில் டிஜிட்டல் பிரின்டிங். கண்ணாடி போலப் பூசி முடித்த புதுச் சுவருக்குச் சாக்கு மாதிரி, உதிர்ந்த காரை மாதிரி வால்பேப்பர் கேட்கிறார்கள். அதற்கு விலையும் கூடுதல். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தோவாளை மாணிக்க மாலைப் படம். 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்த மாலைக்குத் தனி மவுசு. அரளியும் நொச்சி இலையும் வைத்து நிஜ மாலை கட்டுகிறவர்கள் மண்டபம் இருக்கிற தெருவில்தான் இருக்கிறார்கள். அது வேறு விஷயம்.

முதல் துண்டைத் தடவிப் பார்த்த மண்டபத்துக்காரர், "என்ன அண்ணாச்சி, அரளியெல்லாம் கோடு கோடாட்டு கெடக்கு?" என்றார்.

கெடக்கத்தான் செய்யும். இங்க்ஜெட் தலை தாளைத் தொடுவதில்லை, துளியைத் தூவிவிட்டுப் போகிறது. மேட்டில் உரசாமலிருக்கத் தலையை உயர்த்தினால், பள்ளத்துக்குப் போகிற துளி வழியில் விலகி ஓரம் மங்கும். போகும்போதும் வரும்போதும் அடித்தால் இதழுக்கு இரட்டை நிழல். ஒரே திசையில், பாஸை, அதாவது தலை ஓடும் தடவையைக் கூட்டி, நிதானமாக அடித்தால் தெளியும், நேரம்தான் போகும். கோட்டுக்குக் காரணம் வேறு. கனத்த தாள் உருளையில் சீராக நகராது, கொஞ்சம் கூடக் குறைய நகர்ந்தாலும் பட்டை விழும். வழவழத் தாளில் சரிபார்த்த, தாள் நகரும் ஃபீட் கணக்கு இதற்குச் செல்லாது; இதே தாளில் அடித்துத் திருத்த வேண்டும். மெஷின் சூடு கூடினால் வினைல் தாள் நெளிந்து தலையில் இடிக்கும். தலை போனால் அந்த மாத லாபமும் கூடப் போகும். இந்தத் தாளில் பொடி எழுத்து கேட்பவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறேன்.

மேடுபள்ளத் தாள் ஒன்றும் புதிதல்ல. 1877இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் 'லின்க்ரஸ்டா' என்ற புடைப்புச் சுவர்த்தாளைக் கொண்டுவந்தார். அதை ஒட்டிவிட்டு, வண்ணத்தைக் கையால் பூசினார்கள். விவரமானவர்கள்.

மண்டபத்து மாலை ஒருவழியாகச் சுவரேறிவிட்டது. நீங்களும் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால், ஒட்டப்போகிற அதே தாளில் ஒரு முழம் அடித்து வாங்கி, ஒட்டப்போகிற சுவரில் வைத்து, இரவு விளக்கில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.